கிள்ளானுக்குப் பத்து சனிக்கிழமை

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடைக்காரர்கள் மல்லிகைச் சரத்தின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைகள் இன்னும் இரும்புக் கதவைத் தூக்கவில்லை. நானும் பதினொரு வயது மகளும் கேஎல் சென்ட்ரலை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அவள் கையில் ஒரு பிரம்புக் கூடை. உள்ளே பழைய துவாலை ஒன்றை மடித்து விரித்திருந்தாள்.

கிள்ளானில் ஒரு வீட்டில் எட்டு வாரக் குட்டி ஒன்று இருந்தது. மத்தியானத்துக்குள் அது அந்தக் கூடையில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்று நம்பிப் புறப்பட்டோம். அன்று கூடை காலியாகத்தான் திரும்பியது. அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். இப்படியே பத்து சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் வந்தோம்.

எங்களுக்கு வேண்டியது ஒரு கோல்டன்டூடல். கோல்டன் ரெட்ரீவருக்கும் பூடலுக்கும் பிறக்கும் கலப்பின நாய் அது. சுருள் முடியும் கரடிபொம்மை முகமுமாக, கிள்ளான் பள்ளத்தாக்கின் பூங்காக்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆனால் எங்களை இழுத்தது முகம் அல்ல. மகளுக்கு மூக்கு ஒவ்வாமை உண்டு. தூசி பட்டால் தும்மல், மழைக்காலத்தில் இரவெல்லாம் இருமல். ‘டூடல் முடி உதிர்க்காது, ஒவ்வாமை வராது’ என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எட்டு மாதத்துக்கு முன்பு எங்கள் வீட்டுக்கு ஒரு குட்டி வந்திருந்தது. இணைய விளம்பரம் பார்த்து முன்பணம் கட்டினோம். ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் அட்டைப்பெட்டியோடு கைமாற்றினார்கள். தாயை நாங்கள் பார்க்கவில்லை. தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் முத்திரை இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல், ஆறாம் நாள் இறந்துவிட்டது. பார்வோ வைரஸ். உடம்புக்குள் போன வைரஸ் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும், எனவே உங்கள் வீட்டுக்கு வரும்போதே அது நோயோடுதான் வந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். விற்றவரின் எண் அதன் பிறகு வேலை செய்யவில்லை. மகள் அந்தக் குட்டிக்குப் பெயர்கூட வைத்து முடித்திருக்கவில்லை.

வெள்ளைத்தடி வீதியில் ஒரு டூடல் கதை

கேஎல் சென்ட்ரலுக்குப் போகும் நடைபாதையில் மஞ்சள் நிறத் தடக்கற்கள் பதித்திருக்கும். அவற்றைத் தட்டிக்கொண்டு வெள்ளைத்தடியோடு நடப்பவர்களைப் பிரிக்ஃபீல்ட்ஸில் எந்த நேரத்திலும் பார்க்கலாம். 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. சாலையோரம் மசாஜ் நிலையம் நடத்துபவர்களிலும் பலர் பார்வையற்றவர்களே.

டூடல் என்ற எண்ணமே பார்வையற்ற ஒருவருக்காகத்தான் பிறந்தது. 1980-களின் இறுதியில் ஹவாயைச் சேர்ந்த ஒரு பெண் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்துக்கு எழுதினார். அவருக்குப் பார்வைக் குறை, அவர் கணவருக்கு நாய் ஒவ்வாமை. அங்கே இனவிருத்திப் பொறுப்பில் இருந்த வாலி கான்ரன் பூடல்களைப் பழக்கிப் பார்த்தார், சரிவரவில்லை. 1989-இல் லாப்ரடாரையும் பூடலையும் சேர்த்தார். மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில் ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. அதுதான் சுல்தான் என்ற முதல் லாப்ரடூடல். அதன் வழியில், 1990-களில் வட அமெரிக்காவில் கோல்டன்டூடல் பரவியது.

மூன்றில் ஒன்றுதான் என்பது கதையின் முக்கியமான இடம். விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. ஒவ்வாமையைத் தூண்டுவது முடி அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் பூடல், லாப்ரடூடல் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று தெரிந்தது. கான்ரனே பிற்காலத்தில், கண்டபடி இனவிருத்தி செய்து காசு பார்ப்பவர்களைக் கண்டு, தான் செய்ததற்கு வருந்துவதாக 2019-இல் பேட்டி கொடுத்தார்.

இதெல்லாம் முதல் சனிக்கிழமை எனக்குத் தெரியாது. கிள்ளான் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

பதினான்கு நிலையம்

கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளான் பதினான்காவது நிலையம். கொமுட்டரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்துல்லா ஹுக்கும், பந்தாய் டாலாம், பெட்டாலிங் என்று நெரிசலான பக்கம் கழிந்து, சுபாங் ஜெயாவில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும். பத்து தீகா தாண்டினால் உட்கார இடம் கிடைக்கும். ஷா ஆலம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், பிறகு கிள்ளான்.

இது பழைய தடம். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. பிறகு ரப்பரும் போனது. ரயில்வேயிலும் வழியிலிருந்த தோட்டங்களிலும் உழைத்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். என் தாத்தாவும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். லயத்து வீட்டு வாசலில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்குமாம். யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை, அது தானாக வந்து சேரும், மிச்சச் சோற்றைத் தின்னும், பால்மரக் காட்டுக்கு முன்னால் ஓடும். அந்தத் தாத்தாவின் கொள்ளுப்பேத்தி கூடையும் துவாலையுமாக நாய் வாங்கப் போகிறாள். கேட்டிருந்தால் தாத்தா சிரித்திருப்பார்.

கேள்வி கேட்ட அக்கா

கிள்ளானில் ஒரு தாமானில், ஓரத்து மாடி வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு கோல்டன் ரெட்ரீவர், முந்தைய ஈற்றில் பிறந்து அவரே வைத்துக்கொண்ட நான்கு வயது கோல்டன்டூடல் ஒன்று, கூடவே அந்த ஈற்றுக் குட்டிகள் ஏழு. கூண்டு எதுவும் கண்ணில் படவில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில் தடுப்புப் போட்டு, குட்டிகள் பேச்சுக்குரலுக்கும் மிக்சி சத்தத்துக்கும் நடுவே வளர்ந்துகொண்டிருந்தன. தரையில் ஈரமில்லை, நாற்றமில்லை. தாய் வந்து என் முழங்காலில் தலையை வைத்தது. பால் கொடுத்து இளைத்திருந்தாலும் கண் தெளிவாக இருந்தது.

குட்டியை எடுத்துக் கொடுப்பார் என்று நின்றோம். அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“எந்த மாதிரி வீடும்மா? பகல்ல யார் இருப்பாங்க? பக்கத்து வீட்டுல யாரு? பத்துப் பன்னிரண்டு வருஷம் வெச்சுக்க முடியுமா? இதுக்கு முன்னால நாய் இருந்துச்சா?”

கடைசிக் கேள்விக்கு மகள் பதில் சொன்னாள். அக்காவின் முகம் மாறியது. எங்கே வைத்திருந்தீர்கள், தரை சிமெண்டா மண்ணா, என்ன ஊற்றிக் கழுவினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “அப்ப இந்தக் குட்டி இன்னிக்கி உங்க வீட்டுக்கு வராதும்மா.”

காரணத்தையும் விளக்கினார். பார்வோ வைரஸ் சாதாரண சோப்புக்குச் சாகாது. ஒரு பங்கு குளோரோக்ஸை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் தரையில் சாகும். ஆனால் மண்ணில் அப்படிச் செய்ய முடியாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும். எங்கள் வீட்டு முன்புறம் கறிவேப்பிலையும் துளசியும் வைத்த சிறு மண்திட்டு இருக்கிறது. அந்தக் குட்டி அங்கேதான் விளையாடியது.

குட்டிக்குத் தடுப்பூசியை ஒருமுறை போட்டால் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசியின் வேலை சரியாக நடக்காது. அந்தச் சக்தி எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை போடுகிறார்கள். “பதினாறாம் வார ஊசி போட்டு, அதுக்கு மேல ஒரு வாரம் கழிச்சுத் தர்றேன். அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. பிள்ளைக்கு ஒவ்வாமைன்னு வேற சொல்றீங்க. இங்க வந்து உட்காரட்டும், பார்ப்போம்.”

முன்பணம் தருகிறேன் என்றேன். “பிள்ளை தும்மாம இருக்கட்டும், அப்புறம் பேசலாம்” என்றார்.

காகிதங்கள் சொன்னவை

இரண்டாம் சனிக்கிழமை ஒரு கோப்பை எடுத்துக் காட்டினார். கோல்டன்டூடல் உலக நாய்ச் சங்கங்கள் ஏற்ற இனம் அல்ல, எனவே ‘பரம்பரைச் சான்றிதழ் உள்ள கோல்டன்டூடல்’ என்று யாராவது விற்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றார். ஆனால் பெற்றோர் தூய இனம் என்றால் அவற்றுக்குச் சான்றிதழ் இருக்கலாம். தாயின் மலேசிய நாய் வளர்ப்போர் சங்கச் சான்றிதழையும், அதில் உள்ள மைக்ரோசிப் எண்ணையும் காட்டினார்.

அதைவிட முக்கியம் இடுப்பு எக்ஸ்ரே. கோல்டனுக்கும் பெரிய பூடலுக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத பரம்பரைக் கோளாறு வரும். குட்டியாக இருக்கும்போது துள்ளும், பிறகு படி ஏறத் திணறும். எக்ஸ்ரேயை ஆராய்ந்து தரம் சொல்லும் ஓஎஃப்ஏ என்ற அமெரிக்க அமைப்பு, நாய்க்கு இரண்டு வயது நிறைந்த பிறகுதான் இறுதிச் சான்று தருகிறது. அதனால் இரண்டு வயதுக்கு முன் குட்டி போட்ட தாய் என்றால் அந்தச் சோதனை முடியவில்லை என்று அர்த்தம். தாய்க்கும், ஈப்போவில் வேறொருவரிடம் இருக்கும் தந்தைக்கும் சான்று இருந்தது. பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய்க்கான மரபணுச் சோதனை, இதயச் சோதனை, கண் சோதனைத் தாள்களும் இருந்தன.

“கலப்பினம்னா நோய் வராதுன்னு சொல்றாங்களே அக்கா?”

“ரெண்டு பக்கமும் ஒரே கோளாறு இருந்தா, குட்டிக்கு மட்டும் எப்படிம்மா வராம போகும்?”

பிறகு தேடிப் படித்தேன். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024-இல் லாப்ரடூடல் உள்ளிட்ட மூன்று பூடல் கலப்பினங்களை அவற்றின் தாய், தந்தை இனங்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நோய்களில் வித்தியாசமே இல்லை. கலப்பு என்பது காப்பு அல்ல.

சுவரில் கால்நடை சேவைத் துறையின் உரிமம் மாட்டியிருந்தது. 2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டத்தின்படி, பிராணிகளை வைத்துத் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். வீட்டில் வைத்து இனவிருத்தி செய்து விற்பதும் தொழில்தான். அதே சட்டம் பிராணி வதைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. கேட்டால் உரிமத்தைக் காட்டத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை.

ஐந்தாம் சனிக்கிழமை ஏழு குட்டிகளில் ஒன்றின் கழுத்தில் பச்சை நாடா இருந்தது. மருத்துவர் சோதித்தபோது இதயத்தில் லேசான முணுமுணுப்புச் சத்தம் கேட்டதாம். குட்டிகளுக்கு அது தானாக மறைவதும் உண்டு, நோயின் அறிகுறியாக இருப்பதும் உண்டு. அக்கா அதை வாங்க இருந்த குடும்பத்துக்கு அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டார். “மறைஞ்சா தருவேன். மறையலன்னா இது இங்கயே இருக்கும்.” எங்கள் கார் நிறுத்துமிட வியாபாரி நினைவுக்கு வந்தார்.

தும்மல் கணக்கு

மகள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். சனிக்கிழமை தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை தும்மல். குட்டிகளோடு விளையாடி அவள் தும்மாதபோது எனக்குச் சந்தோஷம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. குட்டி முடி ஆறு மாதத்துக்கு மேல் மாறும், வளர்ந்த நாயின் உடம்பிலிருந்து விழும் செதிலும் அதிகம். “பெரியவளோட உட்காரட்டும்” என்று அந்த நான்கு வயது டூடலைக் கூப்பிட்டார். முதல் நாள் பத்துத் தும்மல். நான் பயந்துவிட்டேன். அடுத்த வாரம் மூன்று. குளிப்பாட்டிய மறுநாள் போனபோது ஒன்றுமில்லை. ஒவ்வாமை மருத்துவரிடம் நோட்டைக் காட்டினோம். நாய் படுக்கையறைக்குள் வரக்கூடாது, மூச்சிரைப்பு வந்தால் உடனே வர வேண்டும் என்று இரண்டு நிபந்தனையோடு சரி என்றார். “உத்தரவாதம் மட்டும் கேட்காதீங்க” என்றும் சொன்னார்.

வளர்ப்பு வேலையும் அங்கேதான் பழகினோம். சுருள் முடி உதிராமல் உடம்பிலேயே சிக்கிக்கொள்ளும். தினமும் தோல்வரை சீவாவிட்டால் கம்பளிபோல் முடிச்சு விழுந்து, உள்ளே ஈரம் தங்கிப் புண்ணாகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும், பெரிய நாய்க்கு ஒவ்வொரு முறையும் நூறு வெள்ளிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் உருவான இனமும் குளிர்நாட்டில் தண்ணீரில் பறவை எடுத்து வந்த இனமும் சேர்ந்த பிள்ளை இது. நம் வெயிலில் காலை எட்டுக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும்தான் நடக்க வேண்டும். தார்ச்சாலையில் நம் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்த்து, சுட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். உண்ணி இங்கே வருடம் முழுவதும் உண்டு, அது தரும் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். கொசு கொண்டுவரும் இதயப் புழுவுக்கு மாதந்தோறும் மருந்து.

ஒருநாள் அக்கா சொன்னார்: “நாய் வேணும்னு மட்டும்தான் ஆசைன்னா அம்பாங் எஸ்பிசிஏவுக்குப் போங்கம்மா. அங்க எவ்வளவோ நல்ல பிள்ளைங்க இருக்கு. காசும் மிச்சம்.” குட்டி விற்பவர் வாயிலிருந்து அதைக் கேட்டது ஆச்சரியம். நாங்கள் போயும் பார்த்தோம். மகளால் அத்தனை நாய்களுக்கு நடுவே அரை மணி நேரம்கூட நிற்க முடியவில்லை, கண் சிவந்துவிட்டது. வெளியே வந்து அழுதாள். தும்மலுக்காகவா, விட்டுவிட்டு வந்ததற்காகவா என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் திரும்பும் வழியில் ஜாலான் தெங்கு கிளானாவில் இறங்கி நடப்போம். ஐந்தடியில் மாலை கட்டுபவர்கள், பாத்திரக்கடை, புடவைக்கடையில் உரக்க ஒலிக்கும் பாட்டு, சுடச்சுட வடை. பிரிக்ஃபீல்ட்ஸும் லிட்டில் இந்தியாதான், ஆனால் கிள்ளானில் பேரம் பேசக் கொஞ்சம் நேரம் ஒதுக்குவார்கள். வாழையிலைச் சாப்பாடு முடித்து ரயிலேறினால் பெட்டாலிங் வருவதற்குள் மகள் தூங்கிவிடுவாள்.

அந்தப் பத்து வாரத்தில் வீட்டிலும் வேலை நடந்தது. மண்திட்டை எடுத்துச் சிமெண்டு போட்டோம், துளசி தொட்டிக்கு மாறியது. மாநகர் மன்றத்தில் நாய் உரிமம் பற்றி விசாரித்தோம். எத்தனை நாய் வைக்கலாம் என்பது வீட்டு வகையைப் பொறுத்தது, அடுக்குமாடி என்றால் நிர்வாகத்தின் விதியையும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் நானே போய்ச் சொன்னேன். சற்று யோசித்தார். வேலியைத் தாண்டி வராமல், கழுவும் தண்ணீர் தன் வாசல் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நியாயம்தானே. வாசலின் சரிவை மாற்றிக் கால்வாயில் விழும்படி செய்தோம்.

பத்தாவது சனிக்கிழமை

எட்டு வாரத்தில் போகாமல் பதினேழு வாரம் காத்திருந்ததில் ஒரு கவலை இருந்தது. குட்டி உலகத்தைப் பழகும் வயது மூன்று முதல் பதினான்கு வாரம்தான் என்பார்கள். அந்த வாரங்களில் எங்கள் குரலும் மணமும் அதற்குப் பழகட்டும் என்றுதான் அக்கா எங்களை வரச் சொல்லியிருக்கிறார். அன்று கதவைத் திறந்ததும் ஓடி வந்து மகளின் செருப்பைக் கவ்வியது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். எந்த வயதிலும் எங்களால் வளர்க்க முடியாமல் போனால் விற்கக்கூடாது, அக்காவிடமே திருப்பித் தர வேண்டும். தடுப்பூசி அட்டையில் மூன்று முத்திரை, மூன்றிலும் மருத்துவரின் பெயர். தின்று பழகிய உணவில் ஒரு பொட்டலமும், தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டும் கொடுத்தார். பச்சை நாடாக் குட்டிக்குச் சத்தம் இன்னும் முழுதாக மறையவில்லை. அது அக்காவின் காலடியில் படுத்திருந்தது.

கொமுட்டரில் நாயை ஏற்ற முடியாது. பிராணிகளை ஏற்றும் வாடகை கார் ஒன்றைக் கைப்பேசியில் கூப்பிட்டோம். கூட்டரசு நெடுஞ்சாலையில், ஷா ஆலம் தாண்டியதும் குட்டி ஒருமுறை வாந்தி எடுத்தது. மகள் என்னைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “கார் பயணம்மா, அவ்வளவுதான்” என்றேன். என் குரலும் நடுங்கியிருக்கும். ஓட்டுநர் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு, “முதல் தடவைன்னா எல்லாம் இப்படித்தான் அக்கா” என்றார்.

ஆறு நாள் எண்ணினோம். ஏழாம் நாள் காலை அது என் செருப்பைக் கடித்துக் கிழித்திருந்தது. அன்றைக்குத்தான் மகள் அதற்குப் பெயர் வைத்தாள்.

கூடை? பதினேழு வாரக் குட்டி அதற்குள் எப்படிப் போகும். பத்தாவது முறையும் அது குட்டியில்லாமல்தான் வந்தது. தெங்கு கிளானாவில் காரை நிறுத்தி வாங்கிய முறுக்கும் ஒரு முழம் மல்லிகையும் அதில் இருந்தன.